பிழைத்து வந்த பிறகு

எனக்கு ஒன்பது வயதில் நடந்த விபத்து எனக்கு நினைவில்லை. அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மற்றவர்கள் சொன்னதுதான். அம்மா கொஞ்சம் சொன்னாள், அத்தை கொஞ்சம் சொன்னாள், வெகு நாள் கழித்து அப்பா மிச்சத்தைச் சொன்னார்.

தாடிக்கொம்பில் அத்தை வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு ஸ்கூட்டரில் திண்டுக்கல் திரும்பிக்கொண்டிருந்தோம். அப்பா ஓட்டினார், அம்மா பின்னால் உட்கார்ந்திருந்தாள், நான் முன்னால் நின்றுகொண்டு வந்தேன். ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கே ஓடியது. அப்பா பிரேக் பிடித்ததில் அவர்கள் இரண்டு பேருக்கும் கை கால் சிராய்ப்போடு போயிற்று. நான் மட்டும் தெறித்து, ரோட்டோரக் கல்லில் தலை மோதி விழுந்தேன். திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே மதுரைக்கு அனுப்பினார்கள். ஒன்பது நாள் எனக்கு நினைவு திரும்பவில்லை.

பத்தாம் நாள் கண் விழித்து அம்மாவிடம் தண்ணீர் கேட்டேனாம். அம்மா வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதிருக்கிறாள். மொட்டைத் தலையும் தையலுமாக வீட்டுக்கு வந்தபோது தெருவே வந்து பார்த்தது. வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "புள்ள பொழச்சு வந்ததே பெருசு." அம்மா ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள். முடி வளர்ந்து தழும்பை மூடியது. இரண்டு மாதத்தில் நான் பள்ளிக்கூடம் போனேன். நடந்தேன், பேசினேன், நன்றாகச் சாப்பிட்டேன். அத்தோடு அந்தக் கதை முடிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அடிபடுவதற்கு முன்னால் நான் நன்றாகப் படிக்கிற பிள்ளை. நாலாம் வகுப்பில் முதல் ரேங்க் அட்டை இரண்டு இன்னும் வீட்டில் இருக்கிறது. அப்பா பக்கத்துக் கிராமத்தில் பள்ளி வாத்தியார். வாத்தியார் மகள் முதல் ரேங்க் வாங்குவது எங்கள் தெருவில் யாருக்கும் ஆச்சரியமாக இருக்காது. ஐந்தாம் வகுப்பில் என் ரேங்க் முப்பத்தொன்று. அதுதான் எல்லோருக்கும் ஆச்சரியமாக இருந்தது.

என்ன ஆயிற்று என்று அப்போது என்னிடம் கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. இப்போது சொல்ல முடிகிறது. கரும்பலகையில் டீச்சர் ஒரு வரி எழுதுவார். நான் நிமிர்ந்து படிப்பேன், எல்லாம் புரியும். எழுதுவதற்குத் தலையைக் குனிவேன். நோட்டுக்கு வருவதற்குள் இரண்டு வார்த்தைதான் மிச்சம் இருக்கும். மறுபடி நிமிர்ந்தால் எந்த வரியில் விட்டேன் என்று தெரியாது. அதற்குள் பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு சொல்கிற சத்தம், ஃபேன் கிறீச்சிடும் சத்தம், வெளியே போகிற பஸ்ஸின் ஹார்ன் எல்லாம் சேர்ந்து டீச்சர் குரலோடு ஒரே அளவில் காதுக்குள் வரும். மற்ற பிள்ளைகளுக்கு டீச்சர் குரல் மட்டும் தனியாக மேலே நிற்கும் என்பது எனக்குத் தெரியாது. மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கும்போது, நாள் முழுக்க வயலில் வேலை செய்தவள் மாதிரி களைத்துப் போயிருப்பேன். பின்மத்தியானப் பாடம் எதுவுமே என்னிடம் வந்து சேரவில்லை.

இதில் பெரிய சங்கடம் என்னவென்றால், சில நாள் எனக்கு எல்லாம் தெரியும். காலையில், வீடு அமைதியாக இருக்கும்போது, பின்னக் கணக்கை அப்பா சொல்வதற்கு முன்னால் போட்டு முடிப்பேன். அதே கணக்கு சாயங்காலம் வராது. ஒரேயடியாகத் தெரியாமல் இருந்திருந்தால் பாவம் என்று விட்டிருப்பார்கள். தெரிந்தும் தெரியாமலும் இருந்ததால் அதற்குத் திமிர் என்று பேர் வந்தது.

அப்பா சாயங்காலம் வீட்டு ஹாலில் டியூஷன் எடுப்பார். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருப்பார்கள். நானும் அவர்களோடு உட்காருவேன். அப்பா என்னைத்தான் முதலில் கேட்பார்.

"நேத்து இதே கணக்கப் போட்டியே, இன்னைக்கு எங்க போச்சு?"

"தெரியலப்பா."

"தெரியலையா, மனசு இங்க இல்லையா?"

எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பாயில் இருக்கிற பிள்ளைகள் புத்தகத்தைப் பார்ப்பது போல என்னைப் பார்ப்பார்கள். ஒரு நாள் அப்பா, "இனி கவனமாகப் படிப்பேன்" என்று ஐம்பது தடவை எழுதச் சொன்னார். நான் உட்கார்ந்து, கை வலிக்க, ஒழுங்காக ஐம்பது வரி எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்பா பார்த்துக்கொண்டே வந்தவர் நிமிர்ந்தார். பதினெட்டாவது வரியிலிருந்து 'கவனமாக' என்கிற வார்த்தை இல்லை. மீதி முப்பத்து மூன்று வரியும் "இனி படிப்பேன்" என்றுதான் இருந்தது.

"என்னைய நக்கல் பண்றியா நீ?"

ஸ்கேலால் முழங்கையில் அடித்தார். அவர் என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். வலியைவிட, அந்த வார்த்தை எப்படிக் காணாமல் போனது என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நான் எழுதினேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு எல்லாம் எப்படியோ தள்ளிவிட்டார்கள். எட்டாம் வகுப்பில் ஃபெயில். அந்த வருஷங்களில் எனக்குக் கோபமும் வந்தது. முன்பு நான் அப்படி இல்லை என்று அம்மா சொல்வாள். தட்டில் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் குறைவாக இருக்கிறது என்று ஒரு நாள் தட்டையே சுவரில் எறிந்தேன். எறிந்த பிறகுதான் எறிந்தது தெரிந்தது. அம்மா சோற்றைப் பொறுக்கினாள். நானும் உட்கார்ந்து பொறுக்கினேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

இதெல்லாம் அந்த அடியால் வந்ததாக இருக்குமோ என்று அம்மா ஒன்றிரண்டு தடவை அப்பாவிடம் கேட்டது எனக்கு அரைகுறையாகக் காதில் விழுந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அப்பா பட்டென்று வெட்டிவிடுவார். "அது எப்பவோ ஆறிப் போச்சு. டாக்டரே சொல்லிட்டாரு. சும்மா அதையே பேசாத." அவர் குரலில் இருந்தது கோபம் என்றே நான் நினைத்திருந்தேன்.

எட்டாம் வகுப்பை இரண்டாம் தடவை படித்துத் தேறி, ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, கணக்கு டீச்சர் என் டைரியில் சிவப்பு மையில் எழுதி அனுப்பினார்: 'போர்டைப் பார்த்து எழுதுவதே இல்லை.' அம்மாவுக்கு அதைப் படித்ததும் ஒரு யோசனை வந்தது. கண்ணில் ஏதோ கோளாறு, கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தாள். அப்பா பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரு காலை நேரத்தில் என்னைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே இருந்த டாக்டர் சின்ன வயசுக்காரர். சுவரில் தெரிந்த எழுத்துகளை வாசிக்கச் சொன்னார். கடைசி வரி வரை வாசித்தேன்.

"கண்ணு நல்லா இருக்கும்மா. கண்ணாடியே வேணாம்" என்றார்.

அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. மகளுக்குக் கண்ணில் கோளாறு இல்லை என்று கேட்டு வருத்தப்பட்ட அம்மா உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். "அப்ப போர்டு ஏன் சார் இவளுக்குத் தெரிய மாட்டேங்குது?"

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "போர்டு தெரியலையா, இல்ல எழுத முடியலையா?"

யாரும் அதுவரை இரண்டையும் பிரித்துக் கேட்டதில்லை. "தெரியுது சார். குனியுறதுக்குள்ள போயிருது."

அவர் கையில் இருந்த டார்ச்சைக் கீழே வைத்தார். "தலையில எப்பவாச்சும் அடிபட்டிருக்கா?"

அம்மா என் சடையைத் தூக்கி, காதுக்கு மேலே முடியை விலக்கித் தழும்பைக் காட்டினாள். டாக்டர் கொஞ்ச நேரம் ஒவ்வொன்றாக விசாரித்தார். எத்தனை நாள் நினைவில்லை, எந்த வகுப்பிலிருந்து மார்க் குறைந்தது, கோபம் வருமா. கடைசியாக என்னிடம், "வாசனை தெரியுதா உனக்கு?" என்று கேட்டார்.

எங்கள் டவுன் பஸ் தோல் பதனிடுகிற ஷாப்புகளைத் தாண்டும்போது எல்லோரும் மூக்கைப் பொத்துவார்கள். நானும் அவர்களைப் பார்த்துப் பொத்துவேன். எனக்கு எந்த நாற்றமும் வருவதில்லை. இது எப்போதிருந்து என்று நான் யோசித்ததும் இல்லை, யாரிடமும் சொன்னதும் இல்லை. "தெரியாது சார்" என்றேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஐந்து வருஷம் அவள் அடுப்பில் வைத்த எந்தக் குழம்பின் மணமும் எனக்கு வந்ததில்லை என்பது அவளுக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

டாக்டர், மதுரையில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். மூளையில் அடிபட்ட பிறகு படிப்பு எப்படி இருக்கிறது என்று சோதித்துச் சொல்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்றார்.

சாயங்காலம் அம்மா அப்பாவிடம் கடிதத்தை நீட்டினாள். அப்பா படித்துவிட்டு மடித்தார்.

"இதெல்லாம் தேவையில்ல. நல்லாருக்குற புள்ளைய மூளை சரியில்லன்னு முத்திரை குத்தப் போறியா?"

"நல்லாருக்குற புள்ளையவா ஸ்கேலால அடிச்சீங்க?" என்றாள் அம்மா. அவள் அவரிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "நீங்க வராட்டிப் போங்க. நானும் அவளும் காலையில மதுரை பஸ் ஏறுறோம்."

காலையில் நாங்கள் கிளம்பியபோது அப்பா தேய்த்த சட்டை போட்டு வாசலில் நின்றிருந்தார். லீவு லெட்டரைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்து அனுப்பியிருந்தார்.

மதுரையில் என்னைச் சோதித்த மேடத்துக்கு அம்மா வயசு இருக்கும். அவர் சொன்ன எண்களைத் திருப்பிச் சொன்னேன், பிறகு பின்னாலிருந்து முன்னால் சொன்னேன். ஒரு பக்கம் முழுக்க இருந்த எழுத்துகளில் ஒரே ஒரு எழுத்தை மட்டும் தேடி அடித்தேன். ஒரு சின்னக் கதையைக் கேட்டுவிட்டுத் திரும்பச் சொன்னேன். அர்த்தம் கேட்ட சொற்களுக்கெல்லாம் சட்டென்று பதில் வந்தது. மேடம் தலையாட்டி எழுதிக்கொண்டார். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, முதலில் வைத்த அதே எழுத்துச் சோதனையை மறுபடியும் வைத்தார். அப்பாவை உள்ளே கூப்பிட்டு இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முதல் தாளில் நாலைந்து எழுத்துகளை விட்டிருந்தேன். இரண்டாவது தாளின் கீழ்ப் பாதி அப்படியே கிடந்தது.

"சார், நீங்க வாத்தியாரு. சொல்லுங்க, ஒரு மணி நேரத்துல இந்தப் புள்ளைக்குத் திமிரு வந்திருச்சா?"

அப்பா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க வீட்டுல கரண்ட் இருக்கு, ஆனா வோல்டேஜ் கம்மின்னு வச்சுக்கங்க. ஃபேன், லைட்டு, மிக்ஸி மூணையும் ஒண்ணாப் போட்டா எதுவுமே ஓடாது. ஒண்ணொண்ணாப் போட்டா எல்லாம் ஓடும். இவளுக்குப் புத்தி அப்படியே இருக்கு சார். அடிபட்டதுல வேகமும், ஒரே நேரத்துல நாலு விஷயத்தப் பிடிச்சு வைக்கிறதும்தான் குறைஞ்சிருக்கு. அது முழுசாத் திரும்பி வரும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இவ படிப்பா."

பிறகு என்னிடம் கேட்டார். "மத்தியானத்துக்கு மேல உனக்கு எப்படிம்மா இருக்கும்?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. துக்கத்தில் அழவில்லை. காலில் ரொம்ப நேரம் குத்திக்கொண்டிருந்த முள்ளை யாரோ எடுத்துவிட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. எனக்கு ஏதோ ஆகியிருக்கிறது. அது நானாகச் செய்ததில்லை. இந்த இரண்டு விஷயமும் போதும் என்றிருந்தது.

திரும்பும் பஸ்ஸில் அப்பா அந்த அறிக்கையைப் படித்துக்கொண்டே வந்தார். இங்கிலீஷில் இருந்த இரண்டு பக்கம். கொடைரோடு வருவதற்குள் மூன்று தடவை படித்திருப்பார். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அம்மா பழம் வாங்கப் போனாள். அப்பா டவுன் பஸ் பக்கம் போகாமல் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பாப்பா, அன்னைக்கு ஒன்னைய நடுவுல உக்கார வைங்கன்னு ஒங்க அம்மா சொன்னா. நாந்தான் முன்னாடியே நிக்கட்டும், காத்து வாங்கிட்டு வரட்டும்னேன்."

எனக்கு அது தெரியாது. அம்மா அத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அதைச் சொல்லவில்லை.

"எனக்கு அன்னைக்கு நடந்தது ஒண்ணுமே ஞாபகம் இல்லப்பா" என்றேன்.

"எனக்கு இருக்கு."

அவ்வளவுதான் சொன்னார். அந்த அடியைப் பற்றி யார் பேசினாலும் அவர் ஏன் சீறினார் என்று அப்போது எனக்குப் புரிந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிச் சொல்லி, அவர் தன்னைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. வர வேண்டும் என்றுகூட யோசித்துப் பார்த்தேன், வரவில்லை. ஐந்து வருஷமாக அப்பாவுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று நினைத்திருந்தேன். பிடிக்காமல் போகவில்லை, பயந்து போயிருந்தார். அம்மா கொய்யாப்பழத்தோடு திரும்பி வந்து எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். ஆளுக்கு ஒரு பழத்தைக் கையில் திணித்துவிட்டு, "வாங்க, பஸ்ஸு வந்துருச்சு" என்றாள்.

அடுத்த வாரமே டியூஷன் மொட்டை மாடிக்குப் போயிற்று. ஹால் எனக்கு மட்டும். மேஜையில் ஒரே ஒரு புத்தகம், கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிஷம், பிறகு செத்த நேரம் படுக்கை, மறுபடி இருபது நிமிஷம். அப்பா மேடம் எழுதிக் கொடுத்ததை அப்படியே பின்பற்றினார். பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையாக இருந்த சிஸ்டரைப் போய்ப் பார்த்தார். கரும்பலகையைப் பார்த்து நான் எழுத வேண்டியதில்லை என்று முடிவாயிற்று. என் பெஞ்சில் இருந்த தோழி ஒரு வழி கண்டுபிடித்தாள். தன் நோட்டுத் தாளுக்கு அடியில் கார்பன் பேப்பரும் ஒரு வெள்ளைத் தாளும் வைத்து எழுதினாள். மணி அடித்ததும் அந்த நீல எழுத்துத் தாளைக் கிழித்து என்னிடம் கொடுத்துவிடுவாள். அவளுக்கு எழுத்துப் பிழை அதிகம். அவள் பிழையெல்லாம் எனக்கும் வந்தது. இரண்டு பேரும் சேர்ந்தே திட்டு வாங்கினோம். அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

கணக்கு டீச்சர் மட்டும், "இவளுக்கு மட்டும் தனிச் சட்டமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன். என்னிடம் அதற்குப் பதில் இருந்தது, அதனால் அந்தக் கேள்வி முன்பு போல வலிக்கவில்லை.

பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குக் கூடுதல் நேரம் கேட்டு அப்பா விண்ணப்பித்தார். அதற்காக எந்தெந்த ஆபீஸுக்கு எத்தனை தடவை போனார் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. 'மகளுக்குத் தலையில் காயம், என் வண்டியிலிருந்து விழுந்ததால்' என்று ஒவ்வொரு இடத்திலும் அவரே சொல்ல வேண்டியிருந்தது என்று மட்டும் தெரியும். பரீட்சைக்குக் கொஞ்ச நாளைக்கு முன்னால் அனுமதி வந்தது.

எனக்குத் தனி அறை கொடுத்தார்கள். நானும் ஒரு மேற்பார்வை டீச்சரும்தான். முதல் நாள் தமிழ்ப் பரீட்சை. முடிகிற மணி அடித்தது. பக்கத்து அறைகளிலிருந்து பெஞ்சு இழுபடும் சத்தமும் பிள்ளைகள் இறங்கி ஓடும் சத்தமும் கேட்டன. பழக்கத்தில் நான் பேனாவை மூடப் போனேன். டீச்சர் நாற்காலியில் இருந்தபடியே, "நீ எழுதும்மா, ஒனக்கு நேரம் இருக்கு" என்றார். எல்லோரும் போன பிறகு பள்ளிக்கூடம் அடங்கிவிட்டது. அந்த அமைதியில் கடைசி இரண்டு கேள்விகளையும் நான் ஒவ்வொரு வரியாக எழுதி முடித்தேன். ஒரு பரீட்சைத் தாளை முழுசாக எழுதிக் கொடுத்து எத்தனையோ வருஷமாயிற்று.

ரிசல்ட் பேப்பரில் வந்தபோது என் நம்பரை அப்பாதான் தேடினார். விரலை வரி வரியாக வைத்துக்கொண்டு போனவர், ஒரு இடத்தில் நிறுத்தி எடுக்கவே இல்லை. மார்க் பட்டியல் வந்தபோது ஐந்நூறுக்கு இருநூற்று எழுபத்தெட்டு. கணக்கில் முப்பத்தொன்பது. முதல் ரேங்க் வாங்கிய மகளின் அப்பாவாக ஒரு காலத்தில் இருந்தவர், அந்த முப்பத்தொன்பதைத் தெருவில் வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தார். தன் வகுப்பில் அவர் இம்போசிஷன் கொடுப்பதை நிறுத்திவிட்டார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அவர் அதை என்னிடம் சொன்னதில்லை.

அதன் பிறகு எல்லாம் எளிதாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பிளஸ் டூவில் ஒரு பாடத்தை இரண்டு தடவை எழுதினேன். தபால் வழியில் பி.ஏ. முடிக்க ஐந்து வருஷம் ஆனது. பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது தெரியாமல் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன். முதல் வேலை ஒரு கிளினிக்கில். போன் அடிக்கும், எதிரே இரண்டு பேர் டோக்கன் கேட்பார்கள், உள்ளேயிருந்து டாக்டர் கூப்பிடுவார். என் விஷயத்தை அங்கே யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலை தர மாட்டார்கள் என்று பயம். மூன்றாவது வாரம் நானே நின்றுவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு டிடிபி கடையில் ஆள் எடுப்பதாக அந்தக் கார்பன் பேப்பர் தோழி சொன்னாள். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், மாணவர்களின் பிராஜெக்ட் எல்லாம் டைப் அடித்துக் கொடுக்கிற கடை. தமிழ் டைப்பிங் நான் கற்றிருந்தேன், மெதுவாக ஆனால் பிழையில்லாமல் அடிப்பேன். கடையை நடத்துகிற அக்கா நான் அடித்த தாளைப் பார்த்துவிட்டு, "சரி, நாளைலருந்து வா" என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை. "அக்கா, ஒண்ணு சொல்லணும். சின்ன வயசுல எனக்குத் தலையில அடிபட்டிருக்கு. ஒரு நேரத்துல ஒரு வேலைதான் என்னால செய்ய முடியும். அடிச்சுட்டு இருக்கும்போது வேற ஏதாச்சும் சொன்னா மறந்துருவேன், ஒரு துண்டுச் சீட்டுல எழுதி வச்சிருங்க. மத்தியானம் பத்து நிமிஷம் கண்ண மூடி உக்காரணும். அம்புட்டுதான்."

மனசுக்குள் இதைப் பஸ்ஸில் வரும்போதே பத்துத் தடவை சொல்லிப் பார்த்திருந்தேன்.

அக்கா பத்திரிகை மாதிரிகளை அடுக்கிக்கொண்டே கேட்டார். "பத்து நிமிஷம் போதுமா?"

"போதும்க்கா."

"எனக்குச் சுகர் இருக்கு. பதினோரு மணிக்கு எதையாச்சும் வாயில போடாட்டி நானே மயங்கிருவேன். பின்னாடி ரூம்ல ஒரு சேர் கிடக்கு, நீ அங்க உக்காந்துக்க." ஒரு கையெழுத்துத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். "நாளைக்கு எதுக்கு? இப்பவே இந்தக் காதுகுத்துப் பத்திரிகைய அடி. சாயங்காலம் வந்து கேப்பாங்க."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். முதல் வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்து, அடிக்க ஆரம்பித்தேன்.